மேட்டுக்காணியில் மழைநீர்க் குட்டை: வெட்டுவது முதல் சொட்டுநீர் வரை

திருகோணமலைக்கு மழை போதாது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் பெய்கிற ஊர் இது. ஐப்பசி தொடங்கித் தை வரைக்குள் மட்டும் ஆயிரம் மில்லிமீற்றரை ஒட்டிக் கொட்டிவிடும். மாசி பிறந்தால் நிலம் காயத் தொடங்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். நான்கு மாத மழையில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துத் தேவையான நேரத்தில் அளந்து விடுவதுதான் இங்கே செய்ய வேண்டிய வேலை.

கந்தளாய்க் குளத்தின் கீழும் அல்லைத் திட்டத்திலும் வாய்க்கால் தண்ணீர் ஏறும் வயல்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. திரியாய், சம்பூர், கட்டைபறிச்சான், ஈச்சிலம்பற்றுப் பக்கம் மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்யும் மேட்டுக்காணிக்காரருக்காக எழுதியது. நிலாவெளி, குச்சவெளி மணல் காணிகளுக்கு வழி வேறு. அது கடைசியில் வருகிறது.

முதலில் கணக்கு

ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

வீட்டுக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் சரிவை அளக்க வேண்டாம். கூரை தரையில் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று அளந்தால் போதும். 60 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 650 சதுர அடி என்று வைப்போம். தெறிப்பது, ஓடு உறிஞ்சுவது, பீலி (கூரை விளிம்பின் நீர்த்தாரை) தாண்டி விழுவது எல்லாம் கழித்து ஐந்தில் நான்கு பங்கு கையில் வரும். 60 × 1,000 × 0.8 என்றால் ஒரு மாரியில் 48,000 லீற்றர்.

இனிக் குட்டை. மேலே 8 மீற்றருக்கு 8 மீற்றர், அடியில் 4 மீற்றருக்கு 4 மீற்றர், ஆழம் 2 மீற்றர். மேல் 30 சென்ரிமீற்றரை வெறுமையாக விட்டால் 57,000 லீற்றர் பிடிக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த அளவு போதும்.

குட்டையை நிரப்ப வயல் வெள்ளத்தைத் திருப்பிவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. குட்டையின் வாய் 64 சதுர மீற்றர். ஆயிரம் மில்லிமீற்றர் மழையில் அதற்குள் நேரே விழுவது மட்டும் 64,000 லீற்றர். கூரைத் தண்ணீர் 48,000 சேரும். அந்த நான்கு மாதத்தில் ஆவியாவது 20,000 அளவு. மிச்சம் குட்டையின் கொள்ளளவை விட மிக அதிகம். மழை பொய்த்து 600 மில்லிமீற்றர்தான் பெய்தாலும் 47,000 லீற்றர் சேரும். வயல் வெள்ளத்தை உள்ளே விட்டால் அதோடு சேறும் களை விதையும் பசளையும் வந்து இரண்டு மாரியில் குட்டையின் அடி மேடேறிவிடும். சுற்றிவர வரம்பு கட்டி அதை வெளியே நிறுத்துங்கள்.

தண்ணீரை எதற்குச் செலவிடுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். மாசி முதல் சித்திரை வரை 90 நாள் மரக்கறி வைப்பதானால், மூடாக்கும் சொட்டுநீரும் இருந்தும் ஒரு சதுர மீற்றருக்கு நாளுக்கு 4 லீற்றர் வேண்டும். 90 நாளுக்கு 360 லீற்றர். இதே காலத்தில் குட்டையிலிருந்து ஆவியாகப் போவது 18,000 லீற்றர் அளவு. அடியில் கலங்கிய 3,000 லீற்றரை எடுக்க முடியாது. கையில் நிற்பது 36,000. அதை 360 ஆல் பிரித்தால் 100 சதுர மீற்றர். நான்கு பேர்ச்சஸ்! அரை ஏக்கர் மிளகாய் வைக்கலாம் என்று குட்டை வெட்டியவர் பங்குனியில் தலையில் கைவைப்பது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

இதே தண்ணீரைப் பெரும்போகத்து மானாவாரிப் பயிருக்குக் காவலாக வைத்தால் கணக்கு மாறுகிறது. கார்த்திகையில் போட்ட கௌபி, பயறு, சோளம் பூத்துக் காய் பிடிக்கும் வேளையில் தையில் மழை நின்றுவிடும். அப்போது 25 மில்லிமீற்றர் வீதம் இரண்டு தரம் நனைத்தால் போதும், காய் முற்றும். அதற்குச் சதுர மீற்றருக்கு 50 லீற்றர்தான். 50,000 லீற்றர் இருந்தால் கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச்சஸ் நிலம் தப்பும். எங்கள் பரிந்துரை இதுதான்: முதல் ஆண்டில் குட்டையை மானாவாரிப் பயிரைக் காப்பாற்ற வையுங்கள். மழை நல்லபடி பெய்து குட்டை தொடப்படாமல் நின்றால் மட்டும் மாசியில் நான்கு பேர்ச்சஸ் மரக்கறிக்குப் போங்கள்.

இடம் பார்த்தல்

ஆவணி, புரட்டாசியில் நிலம் காய்ந்திருக்கும்போது வெட்ட வேண்டும். ஆனால் இடத்தை அதற்கு முந்திய மார்கழியிலேயே பார்த்து வைக்க வேண்டும். பக்கத்துக் கிணற்றில் மார்கழி மாதம் தண்ணீர் தரையிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று கயிறு விட்டுப் பாருங்கள். 2.5 மீற்றருக்குள் வந்துவிட்டால் இரண்டு மீற்றர் ஆழத்துக்கு வெட்டக் கூடாது. நிலத்தடி நீர் ஏறும்போது தண்ணீர் கசியாதிருக்கக் குட்டைக்குள் விரிக்கும் பொலித்தீனைத் தூக்கி மிதக்க விட்டுவிடும். அப்படியான இடத்தில் ஒரு மீற்றர் வெட்டி, அந்த மண்ணையே அடுக்கடுக்காக இடித்து இறுக்கி ஒரு மீற்றர் அணை கட்டுங்கள்.

மலசலகூடக் குழியிலிருந்து 15 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். பெரிய மரத்துக்கு ஐந்து மீற்றருக்குள் வேண்டாம். வேரும் சருகும் இரண்டுமே தொல்லை. கூரைத் தண்ணீர் தானாக ஓடிவரும் தாழ்வில், வீட்டுக்கு எட்டின தூரத்தில் இருந்தால் குழாய்ச் செலவு குறையும். குளத்துக்குத் தண்ணீர் வரும் பகுதியிலோ குளத்தின் ஒதுக்கு நிலத்திலோ வெட்டக் கூடாது. காணி அந்த எல்லையை ஒட்டியிருந்தால் பெக்கோவை (மண் வெட்டும் இயந்திரத்தை) கூப்பிடமுன் கமநல சேவை நிலையத்தில் கேட்டுவிடுங்கள். வன இலாகா எல்லைக்கல் அருகில் இருந்தாலும் அப்படித்தான்.

வெட்டுதலும் விரித்தலும்

1. எட்டு மீற்றர்ச் சதுரத்தை முளையடித்துக் கயிறு கட்டுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 11.3 மீற்றர் வந்தால் சதுரம் சரி. அதற்குள் நான்கு மீற்றர்ச் சதுரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் நடுச் சதுரத்தை இரண்டு மீற்றர் ஆழத்துக்கு நேராக இறக்கி, பிறகு நாலு பக்கமும் சரிவு எடுப்பது இலகு. ஒரு மீற்றர் கீழே போக ஒரு மீற்றர் உள்ளே வரும் சரிவு. மண் பொருபொருவென்று இருந்தால் ஒன்றரை மீற்றர் உள்ளே வர வேண்டும். அதற்கேற்ப அடி சுருங்கும், கொள்ளளவும் குறையும். எடுக்கும் மண் 75 கன மீற்றர் அளவு. பெக்கோ ஒரு நாளில் வெட்டித் தரும். சரிவை மண்வெட்டியால் செதுக்குவது உங்கள் வேலை.

3. வந்த மண்ணில் ஒரு பங்கைக் கொண்டு விளிம்பைச் சுற்றி 40 சென்ரிமீற்றர் உயர வரம்பு கட்டுங்கள். மேல் மண்ணைத் தனியே குவித்து வையுங்கள், அது பாத்திக்கு.

4. தாழ்ந்த பக்கத்தில் 60 சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு வெட்டு விடுங்கள். குளத்துக்கு வான் (மிகை நீர் வழியும் இடம்) எப்படியோ குட்டைக்கு அது. அதன் அடி, குட்டையின் மேல் விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தாழ்வாக இருக்கட்டும். பொலித்தீனில் துளை போட்டுக் குழாய் வைத்து மேலதிக தண்ணீரை வெளியேற்றப் பார்க்காதீர்கள். எந்தப் பசையும் அந்த இடத்தில் நிற்பதில்லை. வழியும் தண்ணீர் வாழைக்கோ தென்னைக்கோ போகட்டும்; பக்கத்துக் காணிக்குப் போனால் தண்ணீரோடு சண்டையும் வரும்.

5. இனிக் கையால் தடவிப் பார்க்கும் வேலை. குட்டைக்குள் இறங்கி, சரிவிலும் அடியிலும் உள்ளங்கையை வைத்து ஒரு சாண் விடாமல் தடவுங்கள். கல், கிளிஞ்சல், வெட்டுப்பட்ட வேரின் முனை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். வேர் முனையை நறுக்கினால் போதாது. நான்கு விரல் ஆழம் தோண்டி எடுத்து, அந்தக் குழியை ஈரமண்ணால் அடைத்து இடிக்க வேண்டும். கோரை முளைக்கும் நிலமானால் கிழங்கைத் தேடி எடுங்கள். ஊசி போன்ற அதன் முளை பொலித்தீனையே துளைத்துக்கொண்டு மேலே வரும். பிறகு களிமண்ணும் சாணமும் குழைத்துச் சரிவை மெழுகுங்கள். அடியில் ஐந்து சென்ரிமீற்றர் சலித்த மணல் பரப்புங்கள். பழைய சாக்கு கிடைத்தால் அதையும் விரிக்கலாம்.

6. விரிப்பு 12 மீற்றருக்கு 12 மீற்றர் வேண்டும். கணக்கு: அடி 4, இரண்டு சரிவும் சேர்த்து 5.7, இரு கரையிலும் புதைக்க 2. ஆயிரம் கேஜ் கறுப்புப் பொலித்தீன், அதாவது 250 மைக்ரோன், குறைந்த அளவு. வசதி இருந்தால் 500 மைக்ரோன் எச்டிபிஈ (உறுதியான பொலித்தீன் வகை) விரிப்பு வாங்குங்கள்; விலை கூடினாலும் பல மடங்கு காலம் நிற்கும். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டு டேப் ஒட்டினால் தண்ணீருக்குள் பிரிந்துவிடும். கடையிலேயே சூடேற்றி இணைத்த ஒரே விரிப்பாக எடுங்கள்.

7. காற்று எழும்பமுன், விடியற்காலையில் விரியுங்கள். நான்கு பேர் வேண்டும். இழுத்துப் பிடிக்காமல் தொய்வாகப் போடுங்கள். மூலைகளில் மடிப்பு விழும், விழட்டும். செருப்பில்லாமல்தான் உள்ளே இறங்க வேண்டும். 30 சென்ரிமீற்றர் தண்ணீர் விட்டுப் பாரம் ஏறி விரிப்பு மண்ணோடு படிந்த பிறகே கரையைப் புதைக்க வேண்டும். முதலிலேயே புதைத்துவிட்டால் தண்ணீர் ஏறும்போது விரிப்பு இழுபட்டு மேல் மடிப்பில் கிழியும்.

8. விளிம்பிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளி, 30 சென்ரிமீற்றர் அகல ஆழத்தில் கால்வாய் வெட்டி, விரிப்பின் கரையை அதற்குள் இறக்கி மண்போட்டு மிதியுங்கள். வெயில் படும் மேல் விளிம்புதான் முதலில் நொறுங்கும். மண்ணாலோ பழைய கிடுகாலோ அதை மூடி வையுங்கள்.

9. வேலி. இதைக் கடைசியில் செய்யலாம் என்று விட்டால் செய்யமாட்டீர்கள். நனைந்த பொலித்தீன் சரிவில் கால் வைத்த பிள்ளையால் ஏறி வெளியே வர முடியாது. ஆட்டாலும் முடியாது, அது குளம்பால் விரிப்பையும் கிழித்துவிடும். நாலடி உயர வேலியும், எதிரெதிர்ப் பக்கத்தில் முடிச்சுப் போட்ட தடித்த கயிறு இரண்டும் தண்ணீர் நிரம்பமுன் இருக்க வேண்டும்.

பீலி

ஒரு சதுர மீற்றர் கூரைக்கு ஒரு சதுர சென்ரிமீற்றர் குழாய் வாய் என்பது நடைமுறைக் கணக்கு. 60 சதுர மீற்றருக்கு 90 மில்லிமீற்றர் பிவிசி குழாய் சரி. பீலிக்கு மூன்று மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சாய்வு போதும். கூடச் சாய்த்தால் ஒரு முனையில் கூரைக்கும் பீலிக்கும் இடைவெளி விழுந்து அடைமழைத் தண்ணீர் தாண்டிக் கொட்டும். கொளுக்கி 60 சென்ரிமீற்றருக்கு ஒன்று. குழாய் வாயில் இலை பிடிக்கும் கம்பி வலை வையுங்கள். குடிக்கச் சேர்ப்பதானால் முதல் மழையைக் கழித்துவிட வேண்டும். பயிருக்கு அவ்வளவு சுத்தம் தேவையில்லை. குழாயின் முடிவில் விழும் தண்ணீர் பொலித்தீனைக் குத்தாதபடி ஒரு துண்டு விரிப்பை இரட்டையாகப் போட்டு அதன்மேல் விழவிடுங்கள்.

2017 இல் கிண்ணியாவில் டெங்கு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நுளம்பு பீலியில் தேங்கிய தண்ணீரையும் மூடாத பரலையும்தான் தேடி வரும். பீலிக்குள் தண்ணீர் நிற்காத சாய்வு, தாங்கிகளுக்கு மூடியும் நுளம்பு வலையும், குட்டைக்குள் கொஞ்சம் கப்பி மீன். இவ்வளவும் கட்டாயம்.

இறைப்பு

மானாவாரிப் பயிரை நனைக்க 2 அங்குல மெசின் போதும். 25,000 லீற்றர் இறைக்க ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் எடுக்கும். உறிஞ்சும் குழாயின் வாயை அடியில் போடக் கூடாது. மூடிய வெறும் கானில் கட்டி, நீர்மட்டத்துக்கு 30 சென்ரிமீற்றர் கீழே தொங்க விடுங்கள். அடிச் சேறும் வராது, மேலே மிதக்கும் பாசியும் வராது, வாய் பொலித்தீனைக் கவ்விக் கிழிக்கவும் மாட்டாது.

நான்கு பேர்ச்சஸ் மரக்கறிக்குச் சொட்டுநீர் இப்படி: ஒரு மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளத்தில் பத்துப் பாத்தி. 500 லீற்றர் தாங்கி ஒன்று, 1.5 மீற்றர் உயர மேடையில். நிரம்பிய தாங்கி அரைத் தொன் எடை. மரக்கால் நட்டால் கறையான் தின்று ஒருநாள் சரியும். சீமெந்துக் கல் அடுக்கிக் கட்டுங்கள். தாங்கியின் வாயில் வால்வு, அடுத்து 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்) வடிகட்டி, அடுத்து 32 மில்லிமீற்றர் பிரதான குழாய். அதிலிருந்து பாத்திக்கு இரண்டாக 16 மில்லிமீற்றர் டிரிப் லைன் (சொட்டுநீர்க் குழாய்), 30 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை.

கடையில் அழுத்தச் சமநிலை டிரிப்பர், அதாவது அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு சொட்டும் துளை, சிறந்தது என்று தருவார்கள். மெசினில் நேரே பூட்டுகிறவருக்கு அது நல்லது. தாங்கி உயரத்தில் வரும் சிறிய அழுத்தத்தில் அது திறக்கவே மாட்டாது, சாதாரண டிரிப்பர்தான் வேண்டும். அதிலும் மணிக்கு 2 லீற்றர் என்று போட்டிருப்பது 1.5 மீற்றர் உயரத்தில் முக்கால் லீற்றர்தான் தரும். ஒரு பாத்தியில் 66 துளை. மணிக்கு 50 லீற்றர். பாத்திக்குத் தேவை 40. ஆகவே நாளுக்கு 50 நிமிடம். தாங்கி வடிய வடிய வேகம் குறையும் என்பதால் ஒரு மணித்தியாலம் விடுங்கள்.

பூட்டி முடித்ததும் வாய்க்கு அருகில் ஒரு துளைக்கும் கடைசித் துளைக்கும் கீழே ஒவ்வொரு கோப்பை வைத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். இரண்டிலும் 190 மில்லிலீற்றர் அளவில் வர வேண்டும். கடைசிக் கோப்பையில் முக்கால் பங்குக்கும் குறைவாக இருந்தால் லைன் நீளம் கூடிவிட்டது அல்லது வடிகட்டி அடைத்துவிட்டது. லைனை 15 மீற்றருக்கு மேல் ஒருபோதும் இழுக்க வேண்டாம்.

வடிகட்டியை இரண்டு நாளுக்கு ஒருதரம் கழுவுங்கள். லைன் முனைகளைக் கிழமைக்கு ஒருதரம் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். தாங்கி கறுப்பாக இருந்தால் உள்ளே பாசி பிடிக்காது. வெள்ளைத் தாங்கிக்குக் கிடுகு சுற்றுங்கள். அணிலும் எலியும் தண்ணீருக்காக லைனைக் கடிக்கும். பாத்திக்கு மேல் ஐந்து சென்ரிமீற்றர் வைக்கோல் மூடாக்கு போட்டால் லைன் மறைவதோடு ஈரமும் நிற்கும்.

டிரிப் லைன் வாங்க வசதியில்லாவிட்டால் பூசணி, பாகல், வத்தகைக்குச் சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, சுற்றி மூன்று கன்று நட்டு, பானையில் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். ஏழு லீற்றர்ப் பானையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் நிரப்பினால் போதும். மினுக்கம் பூசிய பானை கசியாது. கலங்கல் தண்ணீர் ஊற்றினால் ஒரு போகத்தில் பானையின் நுண்ணிய கண்கள் அடைத்துவிடும்.

மணல் காணிக்கு

நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்தில் குட்டை வேண்டாம். மணல் சரியும், மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்து விரிப்பைத் தூக்கும். அங்கே மழைநீருக்குத் தாங்கி நிலமேதான். கடல் உப்பு நீருக்கு மேல் நல்ல நீர் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கூரைத் தண்ணீரை அதில் சேர்ப்பதுதான் வேலை. கிணற்றருகில் ஒரு மீற்றர் நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டுங்கள். அடியில் 40 சென்ரிமீற்றர் பெரிய கல், அதன்மேல் 20 சரளை, அதன்மேல் 20 கழுவிய மணல். மேலே 20 வெறுமை. பக்கச் சுவரைச் சீமெந்துக் கல்லால் கட்டி, பீலிக் குழாயை அதற்குள் விடுங்கள். மேல் மணலை ஒவ்வொரு புரட்டாசியிலும் சுரண்டி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்காமல் முற்றத்தில் வழியும்.

இறைப்பிலும் கை அடக்கம் வேண்டும். கிணற்றை ஆழமாக்கினால் உப்புக்கு நெருங்குகிறீர்கள், அகலமாக்குவதே சரி. பெரிய மெசினால் ஒரே மூச்சில் வற்ற இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும், பிறகு இறங்க மாதக்கணக்காகும். சிறு மெசினால் காலையும் மாலையும் பிரித்து இறையுங்கள். தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மானி ஒன்று கையில் இருந்தால் ஊகம் தேவையில்லை. மீற்றருக்கு 0.7 டெசிசீமன்ஸ் வரை எந்தப் பயிருக்கும் ஊற்றலாம். அதற்கு மேல் போகப் போக முதலில் வாடுவது போஞ்சியும் வெங்காயமும், அடுத்தது மிளகாய். தக்காளி கொஞ்சம் தாங்கும். 3 ஐத் தாண்டிய கிணற்றுத் தண்ணீரை வெங்காயப் பாத்திக்கு விடாதீர்கள். அடுத்த மாரி வரை அந்தக் கிணற்றைத் தென்னைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.